பனி மூடிய பொத்தான்

5 நவம்பர் 2001, திங்கள்

ஜனவரியில் குஜராத்தில் பூமி ஆடியது. செப்டம்பரில் அமெரிக்காவில் விமானம் மோதி இரண்டு பெரிய கட்டடம் விழுந்தது. இரண்டுக்கும் நடுவில், ஆடி மாதம், அக்ரகாரத்துக் கல்யாணம் சார் மகள் ஸ்ரீரஞ்சனி பாப்பா, அமெரிக்காவில் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள் என்று மாயவரம் பக்கம் எங்கள் குத்தாலத்துக்கே திரும்பி வந்தது. அதுதான் இந்த வருஷம். நான் வருஷத்தை இப்படித்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

எனக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது. சொல்வது நான், சவரிராஜ். எழுதுவது என் மனைவி பாத்திமா மேரி, மாயவரம் கான்வென்ட்டில் எட்டாவது வரை போனவள். "சொன்னதை அப்படியே எழுது" என்றேன். "அப்படியே எழுதினா ஒருத்தரும் படிக்க முடியாது. நான் திருத்தித்தான் எழுதுவேன்" என்கிறாள்.

இந்த நோட்டைக் கொடுத்தது பாப்பாதான். எங்கள் மில்லுக்கு அது ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறது. நான் அதை அழுத்திப் பார்த்து, எது புரிகிறது, எது புரியவில்லை என்று அன்றன்றைக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

மில் பக்கீர் முகம்மது முதலாளியுடையது. அவர் வாப்பா ஆரம்பித்தது, அண்ணா இறந்த வருஷம், மாசியில். அன்றிலிருந்து நான் கேட்டில். யார் நெல் எந்தத் தொட்டியில் ஊறுகிறது, எப்போது கொட்டியது, எப்போது அவிக்கணும், எப்போது களத்தில் பரப்பணும் — எல்லாம் என் தலையில். ஒரு மூட்டை மாறியதில்லை. இப்போது நம் அரிசி துபாய்க்குப் போகிறது. அந்த ஊர்க்காரன் ஒவ்வொரு மூட்டைக்கும் சீட்டுக் கேட்கிறான், எப்போது ஊறியது, எப்போது வெந்தது என்று.

முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். "ஜனவரி ஒண்ணாந்தேதியிலேருந்து கேட்ல கம்ப்யூட்டர்தான்ணே. உங்களுக்குப் பிடிபட்டா நீங்க. இல்லேன்னா படிச்ச ஆளா ஒருத்தரைப் போட்டாகணும். என்னைத் தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. தூக்கம்தான் வரவில்லை.

8 நவம்பர், வியாழன்

தொட்டி ஒன்றுக்கு ஒரு திரை, அதில் ஐந்து சதுரம். பொத்தான் என்கிறது பாப்பா. ஒவ்வொன்றிலும் நம் மில்லிலேயே எடுத்த கலர் போட்டோ. ஊறல் தொட்டி, அவிக்கிற டேங்க், நெல் காயும் களம், அரவை மிஷின், தைத்த மூட்டை. நெல் எங்கே போகிறதோ அந்தப் பொத்தானை அழுத்தணும். ஊறலை அழுத்தினால் ஆறு மணி நேரம் கழித்துத்தான் அவியல் திறக்கும். முறை வராததும், முறை முடிந்ததும் மங்கிக் கிடக்கும். எழுத்தே வேண்டாம்.

ஆனால் மங்கல் நன்றாக இல்லை. கம்ப்யூட்டர் தானாகப் பண்ணிய மங்கலாம். போட்டோ போய்ச் சாம்பல் அப்பின மாதிரி ஒரு திட்டு. களத்து மேஸ்திரி அம்சம் எட்டிப் பார்த்து, "என்னண்ணே இது, அடி பிடிச்ச தோசையா?" என்றாள்.

"கோட்டுப் படத்துக்குத்தான் அது சரியா வரும், போட்டோன்னா இப்படித்தான் அப்பிடும்" என்றது பாப்பா. "நானே எழுதிடறேன்."

"கலர்ல ஒண்ணு, மங்கல்ல ஒண்ணுன்னு ரெண்டு படம் வெச்சுட்டா ஆச்சு" என்றேன்.

"படத்தை மாத்தும்போதெல்லாம் ரெண்டு ரெண்டா பண்ணணுமே தாத்தா. நாளைக்கு வேற மில்லுக்குக் குடுத்தா அங்கயும். நல்ல படம் ஒண்ணு குடுத்தா போதும், மங்கலைப் புரோகிராமே பண்ணிக்கணும்."

அதன் தாத்தா என்னை "அடேய் சவரி" என்பார். கல்யாணம் சார் "சவரி" என்பார். இது "தாத்தா, வாங்க" என்கிறது. மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது. பாத்திமா, இதை எழுதாதே.

எழுதிவிட்டாள்.

12 நவம்பர், திங்கள்

வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

இரண்டு நாள் மழை. இன்று நல்ல வெயில். அவித்த நெல் நாற்பது மூட்டை களத்தில் காய்கிறது. பாப்பா காலையில் வந்து தான் எழுதிய புது மங்கலைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தது. நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பார்த்தால் — களம் கறுத்துக் கிடக்கிறது. பொன்னாகக் கிடந்த நெல் சாம்பல். பின்னால் தெரிந்த வானம் ஈயம்.

அவ்வளவுதான். கால் தானாக வெளியே ஓடியது. "படுதா! படுதா போடுங்கடி! கெழக்கால கறுத்துடுச்சு!"

ஐப்பசியில் அந்தச் சத்தம் கேட்டால் யார் வானத்தைப் பார்ப்பார்கள்? பதினோரு பெண்கள். பலகையால் நெல்லைக் குவித்து, படுதாவை இழுத்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, நாலே நிமிஷம். பிறகுதான் அம்சம் நிமிர்ந்தாள். ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை.

"எங்கண்ணே கறுத்துச்சு?"

"உள்ள."

"உள்ளன்னா?"

"கம்ப்யூட்டர்ல."

அம்சம் படுதா மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். மற்ற பத்துப் பேரும். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. மேகம் இல்லாத வெயில் அரை மணி நேரம் போச்சே.

சாம்பல் என்றால் 'பொறு' என்று அர்த்தமாம். அமெரிக்காவில் இருக்கலாம். நெல் காய்கிற இடத்தில் நிறம் போனால் 'ஓடு' என்று அர்த்தம்.

13 நவம்பர், செவ்வாய்

அம்சம் கேட்கிறாள்: "வானிலை அண்ணே, துணி துவைச்சுப் போடலாமா, உள்ள பாத்துச் சொல்லுங்க."

21 நவம்பர், புதன்

மங்கல் எப்படி வருகிறது என்று பாப்பாவைக் கேட்டேன். படம் என்பது புள்ளி புள்ளியாக இருக்கிறது, களத்தில் நெல் மாதிரி. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அளவு. மூன்றையும் கலந்து ஒரே அளவாக்கி, மூன்றிலும் அதையே திருப்பிப் போட்டால் நிறம் போய்விடும், வெளிச்சமும் நிழலும் மட்டும் நிற்கும்.

"மூணும் சம பங்கா?"

"இல்ல தாத்தா. பச்சைக்குத்தான் ஜாஸ்தி, பாதிக்கு மேல. நீலத்துக்குக் கொஞ்சூண்டு. மனுஷக் கண்ணுக்குப் பச்சைதான் வெளிச்சமா தெரியுமாம்."

"நம்ம ஊர்க் கண்ணைப் பாத்து எவனோ எழுதியிருக்கான்" என்றேன்.

"உலகத்துல எல்லார் கண்ணும் அப்படித்தான்." சிரிக்கிறது.

ஆனால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு புள்ளியாகப் போய்த் தொட்டுத் தொட்டு மாற்றியதில் பொத்தான் மேலிருந்து கீழே மெல்ல மெல்ல மங்கியது, மடை திறந்து வயலில் தண்ணீர் ஏறுகிற மாதிரி. எனக்குப் பார்க்க அழகாக இருந்தது. முதலாளி நோன்பு வேறு. "என்னம்மா, இது மங்கி முடிக்கறதுக்குள்ள நோன்பு திறக்கற மஃரிப் பாங்கு சொல்லிடுவாங்க போலிருக்கே" என்றார். சாயங்காலத்துக்குள் பாப்பா வேறு வழி பிடித்தது. புள்ளிகளை மொத்தமாக அள்ளி, மாற்றி, மொத்தமாகக் கொட்டுகிறதாம். இப்போது கண் சிமிட்டும் நேரம்.

மேகம் மட்டும் போகவில்லை. களம் கறுக்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

28 நவம்பர், புதன்

இன்னொரு தொல்லை. அவ்வளவு சின்னப் படத்தில் ஊறல் தொட்டியும் அவியல் டேங்கும் ஒன்று போலவே இருக்கிறது. இரண்டும் உருண்டை, இரண்டும் இரும்பு.

"தொட்டிய எவன் பாக்குறான் பாப்பா? ஆளத்தான் பாப்போம். ஊறல்னா எனக்கு மருதையன்தான். ஆளப் போட்டுடு."

முதலாளி ரூமில் திறப்பு விழா போட்டோ மாட்டியிருக்கிறது. வரிசையாக ஐந்து பேர், கழுத்தில் மாலை. ஊறலுக்கு மருதையன். அவியலுக்கு அல்லா பிச்சை, மீசையோடு. மிஷினுக்குத் தேவசகாயம். மூட்டை தைக்க ராஜாத்தி. நான் அதில் இல்லை. அன்றைக்கு வாசலில் பதினேழு வண்டி நின்றது, கேட்டை விட்டு எப்படி வருவது?

களத்துக்கு நிற்பது ஒல்லியாக ஒரு பெண். கையில் நெல் தள்ளும் பலகை. அப்போது வயது இருபத்திரண்டு; அப்பா இறந்து, எட்டாவதோடு படிப்பை விட்டுச் சின்ன வயதிலேயே வேலைக்கு வந்தவள். அவள்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"என் மூஞ்சிய மவுஸால குத்தப் போறீங்களா?"

"ஒரு நாளைக்கு நாப்பது தடவ."

பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். கோபம் இல்லை. முகம் எனக்குத் தெரியாதா?

முதலாளியும் சம்மதித்தார். "வாப்பா காலத்து ஆளுங்க. போடுங்க."

4 டிசம்பர், செவ்வாய்

கெட்ட நாள்.

பாப்பா போட்டோவை வெட்டி ஐந்து முகத்தையும் பொத்தானில் போட்டுவிட்டு அவசரமாகச் சென்னைக்குப் போயிருந்தது. முதலாளி இன்று எனக்குப் பரீட்சை வைத்தார். "தலையில இருக்கறத மறந்துட்டுத் திரையப் பாத்து மட்டும் செய்ங்கண்ணே. அப்பத்தான் எனக்குத் தெரியும்."

இரண்டாம் தொட்டி நெல். அல்லா பிச்சை முகம் தெளிவாகத் தெரிந்தது. என் தலை சொன்னது, இன்னும் ஊறவில்லை, மூன்று மணி நேரம்தான் ஆச்சு என்று. திரை சொன்னது, ஊறிவிட்டது என்று. மறக்கச் சொன்னாரே — மறந்தேன். அழுத்தினேன். நீராவி திறக்கச் சொல்லிவிட்டேன்.

காய்ந்தவரைக்கும் ஒரு பிடி அரைத்துப் பார்த்தால் அரிசிக்கு நடுவில் வெள்ளை. ஊறாத நெல்லை அவித்தால் அப்படித்தான். பதினோரு மூட்டை. முப்பத்திரண்டு வருஷத்தில் என் கேட்டைத் தாண்டி அப்படி ஒரு மூட்டை போனதில்லை.

சாயங்காலம் பாப்பா வந்து திரையைப் பார்த்தது. நெற்றியில் அடித்துக்கொண்டது. "ஐயோ தாத்தா! கருப்பு வெள்ளைப் போட்டோ! அதுல கலர் இருந்தாத்தானே எடுக்க முடியும்? மங்கினாலும் அதே மூஞ்சி, மங்கலேன்னாலும் அதே மூஞ்சி!" அந்தப் பொத்தான் பூட்டித்தான் கிடந்திருக்கிறது. நான் அழுத்தியதை அது வாங்கவே இல்லை. எனக்கு எப்படித் தெரியும்?

பாப்பா முதலாளியிடம் போய், தப்பு என்னுது, அவருது இல்ல என்று சொன்னது. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "யார் தப்பா இருந்தாலும் அரிசி அரிசிதானேம்மா. மாயவரத்துல படிச்ச ஆள் ஒருத்தரை வரச் சொல்லிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எப்பவும் போல வந்து டீ சாப்புட்டுட்டுப் போங்கண்ணே."

டீ சாப்பிடவா நான் வருகிறேன்?

5 டிசம்பர், புதன்

இன்றைக்கு ஒன்றும் எழுத வேண்டாம் என்றேன். அதையாவது எழுதணும் என்று எழுதியிருக்கிறாள்.

10 டிசம்பர், திங்கள்

துபாயிலிருந்து மகன் டேவிட்சன் போன். "நம்ம மில்லு சாக்கை இங்க கடையில பாத்தேம்ப்பா!"

"அரிசிய உடைச்சுப் பாத்தியா? நடுவுல வெள்ளை இருந்துச்சா?"

"நான் எதுக்குப்பா உடைக்கறேன்? போதும், வேலைய விட்டுட்டு வீட்ல உக்காருங்க."

"உக்காந்தா உங்கம்மா என்னைப் பூண்டு உரிக்கச் சொல்லுவா."

"உரிங்க" என்று இவள் பக்கத்திலிருந்து கத்துகிறாள்.

பாப்பா கலர் படத்தையே திரும்பப் போடட்டுமா என்று கேட்டது. போட்டால் மறுபடி மேகம், மறுபடி எந்தத் தொட்டி என்ற குழப்பம். கருப்பு வெள்ளை என்றால் மங்கலே தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நான்.

17 டிசம்பர், திங்கள்

நோன்புப் பெருநாள். முதலாளியே பிரியாணி கொண்டுவந்தார். "பாத்திமாம்மா கையில குடுங்க" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை. பிரியாணி நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

19 டிசம்பர், புதன்

காலை ஆறரைக்குக் கேட்டில் நின்றேன். மார்கழி நாலு. அப்படி ஒரு பனி, புகைபோக்கியே காணோம். ரோட்டில் பெண்கள் வருகிறார்கள். ஆள் வருவது தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. கூப்பிட வாய் திறந்தேன். என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது? கிட்டே வரட்டும் என்று நின்றேன்.

மில் ஆரம்பித்த அந்த வருஷ மார்கழியிலும் இப்படித்தான் நின்றேன். தினம் அந்தக் கூட்டத்தில் ஓர் உருவம். அது யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் பனி விலகி முகம் தெரிகிற வரைக்கும் நான் பேசக் கூடாது. வேறு யாராவது இருந்துவிட்டால்? பனி விலகும், அவள் பலகையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "என்ன, கேட்டைத் தொறக்கற எண்ணம் இருக்கா?" என்பாள்.

(இதை எழுத மாட்டேன் என்றாள். நிறைய நேரம் சொல்லவேண்டியிருந்தது.)

அங்கேயே எனக்குப் பட்டது. பொத்தான் கறுக்கவே கூடாது. வெளுக்கணும்! மேகம் வந்தால் ஓடணும். பனி வந்தால் நிற்கணும். பனிக்குள் ஆள் இருக்கிறது என்று தெரியும், இன்னும் நேரம் வரவில்லை என்றும் தெரியும். போட்டோ கலரானால் என்ன, கருப்பு வெள்ளையானால் என்ன, பனி எல்லாரையும் மூடும்.

கேட்டை அம்சத்திடம் விட்டுவிட்டுக் கல்யாணம் சார் வீட்டுக்கு ஓடினேன். பாப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தது. நான் சொல்லச் சொல்ல பிரஷை வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறது.

21 டிசம்பர், வெள்ளி

ஒவ்வொரு புள்ளியிலும் வெள்ளையைக் கலக்கிறது பாப்பா. முதலில் ஒரு பங்கு படம், நாலு பங்கு வெள்ளை. அல்லா பிச்சை போய்விட்டார், மீசை மட்டும் நிற்கிறது. "பாய் எங்க போனாலும் மீசைய விட்டுட்டுத்தான் போவாரு" என்றாள் அம்சம். அடுத்து சரிபாதி. அது போதவில்லை, விடிந்த பனி மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு பங்கு படம், இரண்டு பங்கு வெள்ளை. ஆறரை மணிப் பனி. அதேதான்.

"புரோகிராம்ல இதுக்கு என்ன பேர் வெக்கட்டும் தாத்தா?"

"மார்கழின்னு வை."

வைத்திருக்கிறது. இனி எந்த மில்லில் எந்தப் படத்தைப் போட்டாலும் அதுவே மார்கழி ஆக்கிக்கொள்ளுமாம்.

29 டிசம்பர், சனி

முதலாளி இன்னொரு தரம் பரீட்சை வைத்தார். பாப்பாதான் போய்க் கேட்டு வாங்கியது. மாயவரத்து ஆளும் வந்திருந்தார். எல்வின் என்று பேர், முப்பது வயதுக்கு மேல், சட்டையை உள்ளே விட்டு மரியாதையாக நின்றார்.

காலையில் ஊறலை அழுத்தினேன். மருதையன் பனிக்குள் போனார். மற்ற நாலு பேரும் ஏற்கெனவே பனியில். முதலாளி பத்து மணிக்கு வந்து, "என்னண்ணே, அவிச்சுடலாமா?" என்றார். வேண்டுமென்றே கேட்கிறார்.

"அல்லா பிச்சை இன்னும் வரல முதலாளி."

பதினோரு மணிக்கும் கேட்டார். "ரோட்லதான் வர்றாரு. மூஞ்சி தெரியல."

ஒன்றரைக்கு அல்லா பிச்சை பளிச்சென்று வந்தார். அழுத்தினேன். சீட்டு அச்சாகி வெளியே வந்தது. நீராவி திறந்தார்கள். அது முடிந்ததும் களம் தெளிந்தது. பலகையோடு அவள் வந்தாள். நான் அழுத்த ஒரு நிமிஷம் தாமதம் பண்ணினேன். யாரும் கவனிக்கவில்லை.

காய்ந்தவரைக்கும் ஒரு கை நெல்லை எடுத்து முதலாளியே கையால் தேய்த்தார். அரிசியைப் பல்லில் வைத்து உடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளை இல்லை. அதை எல்வின் கையில் கொடுத்தார். பிறகு, "அம்சம், இங்க வா. மூணாம் தொட்டிக்கு நீ அழுத்து" என்றார்.

"நானா? எனக்கு என்ன தெரியும்?" என்றாள். உட்கார்ந்தாள். பார்த்தாள். "மருதையன் அண்ணன்தான் தெளிவா இருக்காரு, அவரத்தானே அழுத்தணும்?" அழுத்தினாள். யாரும் சொல்லித்தரவில்லை.

எல்வின் சிரித்தார். "சார், இதுக்கு நான் எதுக்கு?"

"துபாய்க்குப் போற பேப்பரெல்லாம் மலையா கெடக்கு தம்பி, அத நீங்க பாருங்க" என்றார் முதலாளி. என்னிடம் வந்தார். இந்தத் தடவை கண்ணைப் பார்த்தார். "கேட்டு உங்களோடதுதாண்ணே."

வீட்டுக்கு வந்து சொன்னேன். "நாப்பது தடவ குத்தப் போறீங்களா?" என்றாள் பாத்திமா. அவ்வளவுதான் கேட்டாள்.

1 ஜனவரி 2002, செவ்வாய்

ஆரம்பித்தாச்சு. நாற்பத்து மூன்று தடவை. மேகம் எதுவும் இல்லை.

6 ஜனவரி, ஞாயிறு

இன்று மூன்று ராஜாக்கள் திருநாள். மில் ஓடுகிறது, நான் கேட்டில் இல்லை. மில் ஓடும் ஞாயிறு ஒன்றில்கூட நான் பூசைக்குப் போனதில்லை. தலையில் இருந்ததை யாரிடம் இறக்கி வைப்பது? இன்று அம்சம் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் எழுத்துத் தெரியாது. "போங்க வானிலை அண்ணே, மழை வந்தா ஆள் அனுப்பறேன்" என்றாள். பூசைக்கு இவளோடு நடந்தே போய் நடந்தே வந்தேன். மதியம் வீட்டில் சாப்பிட்டேன். பூண்டும் உரித்தேன்.

சாயங்காலம் பாப்பா வந்தது. சீர்காழியில் ஒரு மில்காரர் புரோகிராம் கேட்டிருக்கிறாராம். அவருக்குக் காட்டத் திரையை அப்படியே அச்சடித்துக் கொண்டுவந்திருந்தது. அச்சடித்தபோது நெல் களத்துக்கு வந்திருந்ததாம். நாலு பேர் பனிக்குள், ஒரு முகம் மட்டும் தெளிவு.

"இவங்க யார் யார்னு அவர் கேப்பார் தாத்தா. சொல்லுங்க, நான் பேர் எழுதிக்கறேன்."

சொன்னேன். ஊறல், மருதையன். நாகப்பட்டினத்தில் பெரும்புயல் அடித்ததே, அந்த வருஷம் கார்த்திகையில் போய்ச் சேர்ந்தார். அவியல், அல்லா பிச்சை. எம்.ஜி.ஆர். இறந்த மறு மாசம். மிஷின், தேவசகாயம். பாபர் மசூதி இடித்த வருஷம், அறுப்பு நேரம். மூட்டை, ராஜாத்தி. வருஷம் இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பயமுறுத்தினார்களே, அந்த வாரம். கம்ப்யூட்டர் ஒன்றும் நிற்கவில்லை.

"களம்?" என்றது பாப்பா.

இதைச் சொல்லும்போது எதிரே பேனா நின்றுவிட்டது. எழுது என்கிறேன். நீங்களே சொல்லுங்க என்கிறாள். சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன். அந்தப் போட்டோவில் இன்னும் இருப்பது ஒருத்திதான்.

பாத்திமா மேரி.